உயிர்ச்சத்து ஏ சேர்மங்களும் மூளை அழற்சியும் – ஒரு மதிப்பாய்வு

உயிர்ச்சத்து ஏ சேர்மங்கள் மூளையில் தோன்றும் அழற்சியைத் தணித்து நரம்பணுக்களைக் காக்கக்கூடும் என்பது நரம்பியல் ஆய்வில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசப்பட்டுவரும் ஒரு கருதுகோள் ஆகும். ரெட்டினாய்டுகள் என்று அழைக்கப்படும் இச்சேர்மங்களுள் ரெட்டினால், ரெட்டினால்டிகைடு, ரெட்டினாயிக் அமிலம் ஆகிய இயற்கைப் பொருள்களும், அவற்றைப் போலச் செயல்படும் செயற்கை மருந்துகளும் அடங்கும். ஆல்சைமர் நோய், பார்க்கின்சன் நோய், பக்கவாதம், பன்முகத் தண்டுவட மரப்பு நோய் ஆகிய நான்கிலும் இக்கருதுகோள் சோதிக்கப்பட்டுள்ளது. ஆய்வகத் தட்டுகளிலும் எலிகளிலும் கிடைத்த முடிவுகள் நம்பிக்கை தருவனவாக உள்ளன. மனிதரிடம் கிடைத்த முடிவுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி எங்கே தொடங்குகிறது, அதைப் பொருட்படுத்தாமல் 'உயிர்ச்சத்து ஏ மூளைக்கு நல்லது' என்று முடிவுகட்டுவதில் என்ன பிழை உள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

1913ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எல்மர் மெக்கொல்லமும் மார்கரீட் டேவிசும், வெண்ணெயிலும் முட்டை மஞ்சள் கருவிலும் எலிகளின் வளர்ச்சிக்கு இன்றியமையாத, கொழுப்பில் கரையும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஆஸ்போர்னும் லஃபாயெட் மெண்டலும் இதே முடிவை எட்டினர். 1931இல் பால் காரர் இதன் வேதி அமைப்பைத் தெளிவுபடுத்தினார். பார்வையில் இதற்குள்ள பங்கை விளக்கிய ஜார்ஜ் வால்டுக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதுவரை கண், தோல், வளர்ச்சி ஆகியவற்றோடு மட்டும் பெரிதும் தொடர்புபடுத்தப்பட்டு வந்த இச்சத்தைப் பற்றிய பார்வை 1987இல் மாறியது. பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவும், அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் ரெட்டினாயிக் அமிலத்திற்கான ஏற்பியை ஒரே காலத்தில் கண்டறிந்தன. அந்த ஏற்பி செல்லின் உட்கருவில் அமர்ந்து மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செய்யும் புரதம். ஆர்.ஏ.ஆர். எனப்படும் இவ்வகையில் ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று உள்ளன. சில ஆண்டுகளில் ஆர்.எக்ஸ்.ஆர். என்னும் மற்றொரு குடும்பமும் கண்டறியப்பட்டது. உயிர்ச்சத்து ஏ என்பது உணவுச் சத்து மட்டுமன்று, ஒரு ஹார்மோனைப் போல மரபணுக்களை ஆளும் பொருளுக்கு மூலமும் ஆகும் என்பது அப்போது உறுதியாயிற்று. மூளை அழற்சி பற்றிய கருதுகோள் இந்த அடித்தளத்தின் மீதே எழுந்தது.

ஒரே பெயரில் மூன்று பொருள்கள்

இத்துறை பற்றிய எழுத்துகளில் காணப்படும் முதல் குறை பெயர்க் குழப்பம். 'உயிர்ச்சத்து ஏ' என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கப் பயன்படுகிறது.

முதலாவது, உணவிலும் சத்து மாத்திரைகளிலும் உள்ளவை. ஈரல், முட்டை, பால், மீன் எண்ணெய் ஆகியவற்றில் ரெட்டினால் நேரடியாகவே உள்ளது. முருங்கைக்கீரை, காரட், மாம்பழம், பப்பாளி போன்றவற்றில் பீட்டா கரோட்டின் உள்ளது. உடல் அதனை வேண்டிய அளவுக்கு ரெட்டினாலாக மாற்றிக்கொள்கிறது. உணவிலுள்ள 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் ரெட்டினாலுக்குச் சமம் எனக் கணக்கிடப்படுகிறது.

இரண்டாவது, ரெட்டினாயிக் அமிலம். மரபணு ஏற்பிகளோடு பிணைவது இதுவே. மூளை, குருதியிலிருந்து ரெட்டினாலைப் பெற்றுத் தனக்கு வேண்டிய ரெட்டினாயிக் அமிலத்தின் பெரும்பகுதியைத் தானே தயாரிக்கிறது. ஆர்.டி.எச்., ஆர்.ஏ.எல்.டி.எச். என்னும் நொதிகள் அதனை உருவாக்க, சிப்26 என்னும் நொதிகள் அதனை அழிக்கின்றன. ஆக்கமும் அழிவும் மூளையின் பகுதிக்குப் பகுதி வேறுபடும்.

மூன்றாவது, செயற்கை மருந்துகள். ஆர்.எக்ஸ்.ஆர். ஏற்பிகளைத் தூண்டும் பெக்சரோட்டீன், தோல் லிம்போமா என்னும் புற்றுநோய்க்கான மருந்து. ஆர்.ஏ.ஆர். ஏற்பிகளைத் தூண்டும் டாமிபரோட்டீன், ஜப்பானில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கப்படுகிறது. அசிட்ரெட்டின் சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கானது.

மூளையைக் காப்பதாகக் காட்டிய ஆய்வுகளுள் மிகப் பெரும்பாலானவை இரண்டாவது அல்லது மூன்றாவது வகையைக் கொண்டு செய்யப்பட்டவை. ஆனால் அவற்றின் முடிவு பொதுமக்களை அடையும்போது முதல் வகையைப் பற்றியதாக மாறிவிடுகிறது. செயற்கை மருந்தொன்றை எலிக்குச் செலுத்திய ஆய்வு, காரட் தின்றால் மறதி வராது என்ற செய்தியாகிறது. இது சிறிய பிழையன்று. குருதியில் ரெட்டினாலின் அளவை உடல் இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது. கல்லீரலில் போதிய சேமிப்பு உள்ள ஒருவர் கூடுதலாக உட்கொள்ளும் உயிர்ச்சத்து ஏ பெரும்பாலும் கல்லீரலிலேயே தங்குகிறது. அது மூளையில் ரெட்டினாயிக் அமிலத்தை அதே விகிதத்தில் உயர்த்தும் எனக் கொள்வதற்கு இடமில்லை.

மூளை அழற்சி என்பது யாது?

மூளையின் காவல் செல்கள் மைக்ரோகிளியா எனப்படுகின்றன. 1919இல் ஸ்பெயின் அறிவியலாளர் பியோ டெல் ரியோ ஒர்டேகா இவற்றைத் தனி வகைச் செல்களாக அடையாளம் கண்டார். கிருமி, காயம், குருதிக் கசிவு, தவறாக மடிந்த புரதம் ஆகியவற்றை உணர்ந்தால் இவை உருமாறிச் செயலில் இறங்குகின்றன. அப்போது டி.என்.எஃப்.-ஆல்ஃபா, இன்டர்லியூக்கின்-1 பீட்டா, இன்டர்லியூக்கின்-6 போன்ற சைட்டோகைன்களையும் நைட்ரிக் ஆக்சைடையும் வெளியிடுகின்றன. குறுகிய காலத்திற்கு இது காப்பு. நீண்ட காலம் தொடர்ந்தால் அருகிலுள்ள நரம்பணுக்களுக்கே கேடாகிறது. அதே மைக்ரோகிளியாதான் இறந்த செல்களையும் கழிவுப் புரதத்தையும் விழுங்கி அகற்றுகிறது என்பதையும் மறக்கலாகாது. ஆகவே 'அழற்சியை அடக்குதல்' என்பது எல்லா நிலையிலும் நன்மை ஆகாது. எப்போது, எவ்வளவு, எந்தப் பகுதியில் என்பவற்றைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

கருதுகோளின் வலு

இக்கருதுகோளை வெறும் ஊகம் என ஒதுக்கிவிட முடியாது. 2005இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூண்டப்பட்ட எலி மைக்ரோகிளியாவில் ரெட்டினாயிக் அமிலம் டி.என்.எஃப்.-ஆல்ஃபாவையும் நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதியையும் குறைப்பதைக் காட்டினர். அழற்சி மரபணுக்களின் முதன்மை இயக்கியான என்.எஃப்.-கப்பா பி என்னும் புரதம் உட்கருவுக்குள் புகுவது தடைபட்டதும், அழற்சியைத் தணிக்கும் டி.ஜி.எஃப்.-பீட்டா1 உயர்ந்ததும் அதற்கான வழிமுறையாகக் கூறப்பட்டன. ரெட்டினாயிக் அமிலத்தின் மற்றொரு வடிவமான 9-சிஸ் ரெட்டினாயிக் அமிலமும் இத்தகைய விளைவைத் தருவதை அடுத்த ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

இதைவிடக் குறிப்பிடத்தக்கவை ஜப்பானிய ஆய்வுகள். 2009இல் வெளியான ஆய்வொன்றில், எலியின் நடுமூளைத் துண்டுகளில் அழற்சி தூண்டப்பட்டபோது அழியும் டோபமின் நரம்பணுக்களை டாமிபரோட்டீன் காப்பாற்றியது. ஆனால் அங்கே காப்பு முதன்மையாக அழற்சிப் பொருள்கள் குறைந்ததால் வந்ததன்று. பி.டி.என்.எஃப். என்னும் நரம்பு வளர்ச்சிக் காரணி கூடியதே காரணமாகக் காட்டப்பட்டது. மைக்ரோகிளியாவை அடக்குதல், நரம்பணுவை வலுப்படுத்துதல் என இரண்டு வெவ்வேறு வழிகள் இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. 2011இல் வெளியான மற்றொன்றில், மூளையில் குருதிக் கசிவு உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு, கசிவு தொடங்கிய ஆறு மணி நேரம் வரை தாமதித்துக் கொடுத்தும் அம்மருந்து நரம்பணு இழப்பைக் குறைத்தது. பாதிப்புக்கு முன்பே மருந்து கொடுக்கும் ஆய்வுகளைவிட இத்தகைய ஆய்வு மருத்துவமனை நிலைமைக்கு நெருக்கமானது. நோயாளி மருத்துவமனைக்கு வருவது கசிவு ஏற்பட்ட பிறகே.

ஆல்சைமர் நோயிலும் இத்தகைய முடிவுகள் உண்டு. 2008இல், ஆல்சைமர் மரபணு மாற்றம் செய்யப்பட்ட சுண்டெலிகளுக்கு எட்டு வாரங்கள் ரெட்டினாயிக் அமிலம் செலுத்தியபோது, அமிலாய்டு படிவும் தூண்டப்பட்ட மைக்ரோகிளியாவும் குறைந்தன. நினைவுத்திறன் சோதனையில் அவ்வெலிகள் மேம்பட்டன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல ஆய்வகங்கள் ஒரே திசையைச் சுட்டுவது இக்கருதுகோளின் உண்மையான வலிமை.

ஆய்வகச் சான்றின் குறைகள்

ஆயினும் இச்சான்றுகளை நெருங்கிப் பார்த்தால் மூன்று குறைகள் புலப்படுகின்றன.

முதல் குறை செறிவு. மனிதக் குருதியில் ரெட்டினாயிக் அமிலம் இயல்பாக ஒரு லிட்டருக்குச் சில நானோமோல் அளவிலேயே உள்ளது. செல் வளர்ப்பு ஆய்வுகளிலோ 1 முதல் 10 மைக்ரோமோல் வரை பயன்படுத்துவது வழக்கம். இது நூறு மடங்கிலிருந்து ஆயிரம் மடங்குக்கும் மேல் மிகுதி. அவ்வளவு செறிவில் ஒரு பொருள், தன் இயல்பான ஏற்பியோடு மட்டுமின்றி வேறு பல புரதங்களோடும் வினைபுரியக்கூடும். சுண்டெலி ஆய்விலும் இதே நிலைதான். மேற்சொன்ன 2008 ஆய்வில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் வாரம் மும்முறை செலுத்தப்பட்டது. உடற்பரப்புக் கணக்கில் மனிதனுக்கு மாற்றினால் அது இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் ஒரு நாள் அளவை ஒத்தது அல்லது அதைவிடச் சற்று மிகுதியானது. உணவின் மூலம் எட்டக்கூடிய அளவன்று.

இரண்டாம் குறை தூண்டுபொருள். இத்துறையின் பெரும்பாலான செல் ஆய்வுகள் அழற்சியை உண்டாக்க எல்.பி.எஸ். என்னும் பாக்டீரியாச் சுவர்ப் பொருளைப் பயன்படுத்துகின்றன. அது மலிவானது, சில மணி நேரத்தில் கடும் அழற்சியைத் தருவது. ஆனால் ஆல்சைமர் நோயாளியின் மூளையில் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மெல்லப் புகையும் அழற்சி அத்தகையதன்று. மேலும் பல ஆய்வுகள் பி.வி.-2 போன்ற, புற்றுநோய் மரபணு புகுத்தி இடைவிடாது பெருகும்படி செய்யப்பட்ட செல் வழிகளையே நாடுகின்றன. ரெட்டினாயிக் அமிலம் செல் பெருக்கத்தையே மாற்றும் பொருள் என்பதால், பெருகும் செல்லில் கண்ட விளைவு மூளையில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் செல்லுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

மூன்றாம் குறை காலம். பல ஆய்வுகளில் ரெட்டினாய்டு முன்னதாகவும் அழற்சித் தூண்டல் பின்னதாகவும் வருகின்றன. தீ பிடிப்பதற்கு முன்பே நீர் தெளித்து வைத்த வீடு தப்பியது என்பதற்கும், எரியும் வீட்டை அணைத்தது என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆல்சைமர், பார்க்கின்சன் நோய்கள் அறிகுறி காட்டும்போது நரம்பணு இழப்பு ஏற்கனவே வெகுதூரம் சென்றிருக்கும். முன்காப்பு ஆய்வுகள் அந்நோயாளிக்கு எதுவும் உறுதி கூறுவதில்லை.

பெக்சரோட்டீன்: ஒரு படிப்பினை

2012ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. ஆல்சைமர் வகைச் சுண்டெலிகளுக்குப் பெக்சரோட்டீன் கொடுத்தபோது, 72 மணி நேரத்தில் அமிலாய்டுப் படிவுகள் பாதிக்கு மேல் குறைந்ததாக அது அறிவித்தது. அபோஈ என்னும் கொழுப்பு கடத்தும் புரதத்தை மருந்து கூட்டியதும், அதனால் மைக்ரோகிளியா கழிவை விரைந்து விழுங்கியதும் விளக்கமாகத் தரப்பட்டன. அம்மருந்து புற்றுநோய்க்கு ஏற்கனவே ஒப்புதல் பெற்றது என்பதால், நோயாளிகளின் குடும்பத்தினர் மருத்துவர்களிடம் அதனை உடனே எழுதித் தருமாறு கேட்கும் நிலை உருவாயிற்று.

மறு ஆண்டே அதே இதழில் நான்கு தனித்தனிக் குழுக்களின் மறுஆய்வுகள் வெளிவந்தன. படிவுகள் குறைந்ததை அவற்றுள் ஒன்றாலும் உறுதிப்படுத்த இயலவில்லை. கரையும் நிலை அமிலாய்டு குறைந்ததையும், நினைவுச் சோதனையில் முன்னேற்றத்தையும் சில குழுக்கள் கண்டன. மருந்தைத் தயாரித்துக் கொடுத்த முறையில் இருந்த வேறுபாடே முரணுக்குக் காரணம் என்று முதல் குழு விடையளித்தது.

இந்நிகழ்வை ஒரு குழுவின் தோல்வியாகப் பார்ப்பது முறையன்று. மறுஆய்வு ஒரே ஆண்டில் நடந்ததும், அதே இதழ் அதனை வெளியிட்டதும் அறிவியல் செயல்பட வேண்டிய முறைதான். குறை வேறிடத்தில் உள்ளது. முதல் செய்தி பரவிய அளவில் மறுப்பு பரவவில்லை. இன்றும் பல நலவாழ்வுக் கட்டுரைகள் முதல் ஆய்வை மட்டும் சான்றாகக் காட்டுகின்றன.

மனிதரிடம் கண்ட முடிவுகள்

பெக்சரோட்டீன் மனிதரிடம் சோதிக்கப்பட்டது. 2016இல் வெளியான ஆய்வில் 20 ஆல்சைமர் நோயாளிகள் நான்கு வாரங்கள் பங்கேற்றனர். மொத்தக் குழுவை வைத்துப் பார்க்கையில் மூளை அமிலாய்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அபோஈ-4 மரபணு இல்லாதவர்களிடம் மட்டும் ஓரளவு குறைவு காணப்பட்டது. அதே வேளை குருதியில் டிரைகிளிசரைடு கொழுப்பு உயர்ந்தது. இது இதய நோய் அபாயத்தைக் கூட்டக்கூடியது. 20 பேர் கொண்ட குழுவைப் பிரித்துப் பெறும் முடிவு அடுத்த ஆய்வுக்கான கேள்வியாகுமே தவிர விடையாகாது. அதே ஆண்டு நலமானவர்களிடம் செய்யப்பட்ட வேறொரு ஆய்வு, இம்மருந்து மனித மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழைவதைக் காட்டியது. எலியில் பயன் தந்த மருந்து மனிதனில் இலக்கையே எட்டவில்லை எனில், கருதுகோள் தவறு என்றோ சரி என்றோ அச்சோதனையிலிருந்து முடிவுகட்ட இயலாது.

அசிட்ரெட்டின் மருந்து ஜெர்மனியில் சுமார் இருபது ஆல்சைமர் நோயாளிகளிடம் நான்கு வாரங்கள் சோதிக்கப்பட்டது. அமிலாய்டு உருவாகாத வழியில் மூலப்புரதம் வெட்டப்படுவதற்கான அடையாளப் பொருள் முதுகுத்தண்டு நீரில் உயர்ந்ததாக 2014இல் அறிவிக்கப்பட்டது. நினைவாற்றல் காக்கப்படுகிறதா என்பதை அறிய நான்கு வாரம் போதாது. அந்த ஆய்வின் நோக்கமும் அதுவன்று.

பன்முகத் தண்டுவட மரப்பு நோயில் இரு ஆய்வுகள் கருதத்தக்கவை. ஈரானில் நோயாளிகளுக்கு நாள்தோறும் 25,000 சர்வதேச அலகு உயிர்ச்சத்து ஏ ஆறு மாதமும், பின்னர் 10,000 அலகு ஆறு மாதமும் தரப்பட்டன. நடை, கை, சிந்தனை ஆகியவற்றைச் சேர்த்து அளக்கும் மதிப்பெண்ணில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் நோய் மீண்டும் தாக்கும் எண்ணிக்கை, ஊனத்தின் அளவு, மூளைப் படத்தில் தெரியும் செயல்நிலைப் புண்கள் ஆகியவை மாறவில்லை. அழற்சியை நேரடியாகக் காட்டுவது அப்புண்கள்தான். அங்கு மாற்றமில்லை எனில், கிடைத்த முன்னேற்றத்தை 'அழற்சி தணிந்ததன் பயன்' என்று கூறுவது கடினம்.

இரண்டாவது, பிரிட்டனில் 52 நோயாளிகளிடம் நடந்து 2021இல் வெளியான பெக்சரோட்டீன் ஆய்வு. இது அழற்சியைத் தணிப்பதற்காக அல்லாமல், நரம்பிழையின் மயலின் உறையை மீண்டும் வளர்ப்பதற்காகத் திட்டமிடப்பட்டது. முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் சில மூளைப் பகுதிகளின் புண்களிலும், கண்ணிலிருந்து மூளைக்குச் சமிக்ஞை செல்லும் வேகத்திலும் உறை மீண்டும் வளர்வதற்கான அறிகுறிகள் தென்பட்டன. மருந்து பெற்ற அனைவருக்கும் தைராய்டு சுரப்புக் குறைவு ஏற்பட்டது. பெரும்பாலோருக்குக் குருதிக் கொழுப்பு உயர்ந்தது. இம்மருந்தை இந்நோய்க்குப் பயன்படுத்தலாகாது என்று ஆய்வாளர்களே கூறிவிட்டனர். உயிரியல் சரியாக இருந்தும் மருந்து பொருந்தாமல் போகலாம் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

இருமுகத் தன்மை

ரெட்டினாயிக் அமிலத்தை 'அழற்சி எதிர்ப்பி' என்று அழைப்பதே முழு உண்மையன்று. 2007இல் வெளியான ஆய்வுகள், அது டி.ஜி.எஃப்.-பீட்டாவுடன் சேர்ந்து நோயெதிர்ப்பை அடக்கும் டி-செல்களைப் பெருக்கி, அழற்சி உண்டாக்கும் டி.எச்.17 செல்களைக் குறைப்பதைக் காட்டின. 2011இல் வெளியான ஆய்வுகளோ மறுபக்கத்தைக் காட்டின. இன்டர்லியூக்கின்-15 மிகுந்துள்ள குடலில் அதே ரெட்டினாயிக் அமிலம் உணவுப் புரதத்திற்கு எதிரான அழற்சியைத் தூண்டியது. தொற்றை எதிர்க்கும் டி-செல்களின் இயல்பான அழற்சி வினைக்கும் அது தேவைப்பட்டது.

மருத்துவ அனுபவமும் இதனை உறுதிசெய்கிறது. ஒருவகை இரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்துவதில் ரெட்டினாயிக் அமிலம் பெரும் வெற்றி கண்டது. 1988இல் சீனாவின் ஷாங்காய் மருத்துவர்கள் வெளியிட்ட முடிவுகள் அந்நோயின் போக்கையே மாற்றின. ஆனால் அச்சிகிச்சையின் அறியப்பட்ட பேராபத்து, காய்ச்சலும் நுரையீரல் நீர்க்கோப்பும் கொண்ட ஒரு கடும் அழற்சி நிலைதான். ஆகவே இச்சேர்மங்களை அழற்சியைக் குறைப்பவை என்பதைவிட, சூழலுக்கேற்ப நோயெதிர்ப்பைச் சீரமைப்பவை என்பதே பொருத்தம். சூழல் மாறினால் திசையும் மாறும். நோயுற்ற முதிய மூளையின் சூழல் எத்தகையது என்பதை எலிகளைக் கொண்டு மட்டும் அறிந்துவிட முடியாது.

மிகையின் தீங்கு

நீரில் கரையும் உயிர்ச்சத்துகள் மிகுந்தால் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறும். உயிர்ச்சத்து ஏ அவ்வாறன்று, கல்லீரலில் சேரும். 1913 ஜனவரியில், இச்சத்து கண்டறியப்பட்ட அதே ஆண்டில், அண்டார்க்டிகப் பயணி சேவியர் மெர்ட்ஸ் உயிரிழந்தார். உணவின்றிப் பனிவண்டி நாய்களின் ஈரலை உண்டதால் நேர்ந்த உயிர்ச்சத்து ஏ நஞ்சே காரணமாக இருக்கலாம் என 1969இல் முன்வைக்கப்பட்டது. இவ்விளக்கம் இன்றும் விவாதத்தில் உள்ளது. ஈரலில் அத்தகைய அளவு சேரும் என்பதிலோ, மிகை தலைவலி, வாந்தி, தோல் உரிதல், கல்லீரல் சிதைவு ஆகியவற்றைத் தரும் என்பதிலோ விவாதமில்லை.

மூளையைக் காக்கும் எனக் கூறப்படும் இப்பொருள், மிகையானால் மூளையையே தாக்கும் என்பது கவனிக்கத்தக்கது. மண்டையோட்டுக்குள் அழுத்தம் உயர்ந்து கடும் தலைவலியும் பார்வை இழப்பும் ஏற்படுவது மிகை உயிர்ச்சத்து ஏவின் நன்கறியப்பட்ட விளைவு. முகப்பரு மருந்தான ஐசோட்ரெட்டினோயினுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. அம்மருந்து மனச்சோர்வைத் தூண்டக்கூடும் என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் 1998இல் சேர்க்கப்பட்டது. அத்தொடர்பு பற்றிய விவாதம் தொடர்கிறது. கருவுற்ற பெண்கள் ரெட்டினாய்டு மருந்துகளை உட்கொண்டால் குழந்தைக்குக் கடும் பிறவிக் குறைகள் நேரும்.

வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராம் ரெட்டினால் என்பது அமெரிக்க அறிவியலாளர்கள் வகுத்த மேல் வரம்பு. மேற்சொன்ன ஈரானிய ஆய்வின் தொடக்க அளவு 7,500 மைக்ரோகிராம். அதாவது வரம்பின் இரண்டரை மடங்கு. அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. கடையில் மாத்திரை வாங்கி உண்பவருக்கு அக்கண்காணிப்பு இல்லை.

பீட்டா கரோட்டின் பாதுகாப்பானது என்ற எண்ணமும் முழுமையானதன்று. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்திருந்தது. பீட்டா கரோட்டினையும் உயிர்ச்சத்து ஏயையும் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வு, புற்றுநோயும் இறப்பும் மிகுந்ததால் 1996இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அவ்விரு ஆய்வுகளும் தொடங்கியபோது, காய்கறி மிகுதியாக உண்போரிடம் புற்றுநோய் குறைவு என்ற கவனிப்பும், ஆய்வகத்தில் வலுவான வழிமுறை விளக்கமும் இருந்தன. இன்று மூளை அழற்சிக் கருதுகோள் நிற்கும் இடமும் ஏறத்தாழ அதுவே.

குறைபாடு வேறு, மிகை வேறு

இத்துறையில் ஐயமின்றி நிறுவப்பட்ட ஒன்று உண்டு. உயிர்ச்சத்து ஏ குறைந்தால் உடல் கெடும். குறையை நீக்கினால் உயிர் காக்கப்படும். 1990இல் வெளியான, திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் நடந்த ஆய்வில் 15,419 சிறு குழந்தைகள் பங்கேற்றனர். வாரந்தோறும் சிறு அளவு உயிர்ச்சத்து ஏ பெற்ற குழந்தைகளிடம் இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்பட்ட அந்த அளவு, ஒரு குழந்தை இயல்பாக உணவிலிருந்து பெற்றிருக்க வேண்டிய அளவே.

அந்த வெற்றிக்குக் காரணம் பொருளின் ஆற்றல் மட்டுமன்று. அது தேவைப்பட்டவருக்குத் தேவைப்பட்ட அளவில் சென்றது. விலங்கு ஆய்வுகளிலும் இதே பாடம் உள்ளது. உயிர்ச்சத்து ஏ இல்லாத உணவில் வளர்ந்த எலிகளின் கற்றல்திறன் குன்றுகிறது. அதனைத் திரும்பக் கொடுத்தால் பெருமளவு மீள்கிறது. இதிலிருந்து குறைபாடு மூளைக்குக் கேடு என்று கூறலாம். போதுமான அளவு உள்ளவருக்கு மேலும் கொடுத்தால் மேலும் நன்மை என்று கூற முடியாது. இவ்விரு கூற்றுகளையும் ஒன்றாக்குவதே இத்துறை பற்றிய பொது எழுத்துகளின் மிகப் பரவலான பிழை.

மதிப்பீடு

ரெட்டினாய்டுகள் மூளை அழற்சியைத் தணிக்கக்கூடும் என்பதற்கு வழிமுறை அளவில் வலுவான சான்று உள்ளது. விலங்கு அளவில் நம்பத்தக்க, ஆனால் சீரற்ற சான்று உள்ளது. மனித அளவில், நோயின் போக்கை மாற்றியதற்கான சான்று இதுவரை இல்லை. இம்மூன்றையும் பிரித்துச் சொல்லாத எந்த எழுத்தும் வாசகரைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

கருதுகோளை முன்னெடுக்க வேண்டிய வழியும் இவ்வாய்வுகளிலிருந்தே தெரிகிறது. எல்லா ஏற்பிகளையும் ஒருசேரத் தூண்டும் மருந்துகளுக்கு மாறாக, ஒரு வகையை மட்டும் தூண்டுவன தேவை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உருவான, ஆர்.ஏ.ஆர்.-பீட்டாவை மட்டும் தூண்டும் மருந்து முதுகுத்தண்டுக் காயத்திற்காக நலமான ஆண்களிடம் முதற்கட்டப் பாதுகாப்புச் சோதனையைக் கடந்திருப்பது அத்திசையில் ஒரு படி. மருந்து மூளைக்குள் செல்கிறது என்பதை முதலில் உறுதிசெய்த பிறகே நோயாளிகளிடம் சோதிக்க வேண்டும். அழற்சியை நேரடியாக அளக்கும் அளவுகோல்கள் வேண்டும். நான்கு வாரங்களுக்குப் பதில் ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆய்வுகள் வேண்டும். மரபணு வேறுபாடுகளை ஆய்வு முடிந்த பின் தேடாமல் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மறதி நோயுற்ற முதியவரைப் பேணும் குடும்பத்திற்கு இதன் பொருள் எளியது. கீரை, பழம், முட்டை, பால் ஆகியவை உள்ள வழக்கமான உணவு உயிர்ச்சத்து ஏ தேவையைப் பெரும்பாலும் நிறைவுசெய்யும். குறைபாடு இருப்பதாக ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் பரிசோதித்து அறியலாம். மூளையைக் காக்கும் என்ற நம்பிக்கையில் மிகை அளவு மாத்திரையைத் தாமாகத் தொடங்குவதற்கு இன்றைய சான்று இடம் தரவில்லை. முதியவரின் கல்லீரலும் எலும்பும் அந்த மிகையைத் தாங்கும் வலு குன்றியவை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.